புரத டப்பாவும் ஒரு 'நெகட்டிவ்' ரிப்போர்ட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரம் முன்பு ஞாயிறு இணைப்பில், புற்றுநோயைப் பரவவிடாமல் தடுக்கும் அதிசயப் புரதம் என்று தலைப்புப் போட்டு ஒரு கட்டுரை வந்தது. கட்டுரையில் பெரிய தப்பு எதுவும் இல்லை. வினை தலைப்பில்தான். அந்தத் தலைப்பு எங்கள் தெருவில் என்ன செய்தது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். கடிதம் நீளும். வெட்டுவதென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், நியூசிலாந்துக் குடும்பத்தின் கதையை மட்டும் விட்டுவையுங்கள்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் எதிர் வீட்டு மதினி வந்தார். (நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மதினி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். உறவு எதுவும் கிடையாது, 22 வருஷப் பழக்கம்.) கையில் மஞ்சப்பை. அதிலிருந்து மூன்று சாமான் வெளியே வந்தது. நாலாக மடித்த உங்கள் கட்டுரை. மார்புப் புற்று வந்த அவருடைய ஓர்ப்படியின் பயாப்ஸி ரிப்போர்ட், ஜெராக்ஸ். அப்புறம் ஒரு பெரிய டப்பா, சாக்லேட் ருசியில் புரத மாவு.

"மதினி, ரிப்போர்ட்ல இந்தப் புரதம் நெகட்டிவ்னு போட்டிருக்கு. பேப்பர்ல இந்தப் புரதம் இருந்தா பரவாதுன்னு போட்டிருக்கு. அப்ப இல்லாததைக் குடுத்துட்டா சரியாப் போயிரும்லா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க முடியவில்லை. அவர் போட்ட கணக்கைப் பாருங்கள். ரிப்போர்ட்டை எழுத்துக்கூட்டிப் படித்து, அதில் உள்ள 'இ-கேட்ஹெரின்: நெகட்டிவ்' என்ற வரியைக் கட்டுரையில் உள்ள அதே பெயரோடு ஒத்துப்பார்த்திருக்கிறார். இரண்டும் ஒன்றுதான். அந்தப் புரதம் இல்லாததால்தான் செல்கள் ஊருக்குள் புகுந்தன என்பதும் சரிதான். கடைசிப் படி ஒன்றுதான் நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போய்விட்டது. அதற்கு அவரைக் குறை சொல்ல நான் தயாரில்லை. புரதம் என்ற சொல்லை நாம் முட்டைக்கும் சுண்டலுக்கும் டப்பாவுக்கும் மட்டுமே வைத்திருக்கிறோம். செல்லுக்குள் இருக்கும் தாழ்ப்பாளுக்கும் அதே சொல்தான் என்றால் ஆள் எங்கே போவார்?

என்னைப் பற்றி ஒரு வரி. பேத்தாலஜி லேபில் 31 வருஷம் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றேன். டாக்டர் இல்லை. ஆனால் டாக்டர்கள் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதை வெட்டி, சாயம் ஏற்றிக் கொடுப்பது நாங்கள்தான். நோயாளி எங்களைப் பார்த்ததே இருக்காது. ஃபார்மலின் பாட்டிலில் வரும் சதைத் துண்டை மெழுகில் பதித்து பிளாக் ஆக்குவோம். மைக்ரோடோமில் போட்டுச் சீவினால் ரிப்பன் மாதிரி வரும். ஒரு சீவல் மூன்று, நான்கு மைக்ரான் கனம். உங்கள் பேப்பரின் ஒரு தாளைக் கனவாட்டில் பதினைந்து தாளாகச் சீவ முடிந்தால் எவ்வளவோ, அவ்வளவு. வெந்நீரில் அதை மிதக்கவிட்டு, சுருக்கம் இல்லாமல் ஸ்லைடில் ஏந்தி எடுக்க வேண்டும். ஃபேன் போடக் கூடாது. தும்மக் கூடாது. புதிதாக வந்த பிள்ளைகள் முதல் மாசம் அழுதுவிடுவார்கள்.

இந்த இ-கேட்ஹெரின் சாயம் எங்கள் லேபுக்கு வந்தபோது கூடவே ஒரு பிரஷர் குக்கரும் வந்தது. நிஜக் குக்கர்தான், பாத்திரக்கடையில் வாங்கியது. ஃபார்மலினில் கிடந்த சதையில் புரதங்கள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கிடக்கும். பஃபர் கரைசலில் ஸ்லைடை வைத்து அழுத்தத்தில் வேகவைத்தால்தான் அந்த முடிச்சு தளர்ந்து, நாம் தேடும் புரதத்தில் ஆன்டிபாடி (அந்தப் புரதத்தை மட்டும் அடையாளம் கண்டு ஒட்டும் பொருள்) போய் ஒட்டும். கொதி கொஞ்சம் மிஞ்சினால் போச்சு, சீவல் ஸ்லைடிலிருந்து கழன்று தண்ணீரில் மிதக்கும். வீட்டில் பருப்பு குழைந்தால் இன்னொரு கை அரிசி போட்டுச் சமாளிக்கலாம். இங்கே குழைந்தது ஒருத்தியின் பயாப்ஸி. விசில் சத்தத்தை நான் அவ்வளவு பயபக்தியோடு கேட்டது அந்த அறையில்தான்.

எல்லாம் சரியாக வந்தால் என்ன தெரியும் தெரியுமா? ஆன்டிபாடி ஒட்டிய இடத்தில் காப்பிப் பொடி நிறம், மீதி வெளிர்நீலம். நல்ல மார்புத் திசுவில் பால் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு செல்லின் விளிம்பிலும் பழுப்புக் கோடு ஓடும். பக்கத்துச் செல்லின் கோடும் இதன் கோடும் ஒட்டி, தேனடை மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும். மார்புப் புற்றிலேயே அதிகம் காணப்படும் டக்டல் வகையில்கூடப் பெரும்பாலும் அந்தக் கோடு இருக்கும். லோபுலர் வகை ஒன்று இருக்கிறது, மார்புப் புற்று வந்தவர்களில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பேருக்கு வருவது. ஓர்ப்படிக்கு வந்ததும் இந்த வகைதான். அதில் பெரும்பாலும் அந்தக் கோடு இராது. அதே ஸ்லைடில் ஓரமாக ஒரு நல்ல குழாய் பழுப்புக் கட்டத்தோடு நிற்கும். சாயம் வேலை செய்திருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அதற்குப் பக்கத்திலேயே வெறும் நீலச் செல்கள், ஒன்றன்பின் ஒன்றாக, ரேஷன் கடை வரிசை மாதிரி நாருக்கு நடுவே போய்க்கொண்டிருக்கும்.

எங்கள் சீஃப் மேடம் ஒருநாள் இருவர் பார்க்கும் மைக்ராஸ்கோப்பில் என்னை உட்காரவைத்து அந்த வரிசையைக் காட்டினார். எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. புற்றுச் செல் என்றால் பெருத்து, கோணலாக, கரு தாறுமாறாக இருக்கும் என்றுதான் பழக்கம். இவை சின்னதாக, ஒரே அளவாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி அடக்கமாக இருந்தன. "முகத்தைப் பார்க்காதீங்க, நடையைப் பாருங்க" என்றார் மேடம்.

அந்தப் பழுப்புக் கோடு என்ன வேலை செய்கிறது என்று சொல்கிறேன். இ-கேட்ஹெரின் செல்லின் தோலைத் துளைத்துக்கொண்டு பாதி வெளியே, பாதி உள்ளே நிற்கும் புரதம். வெளியே நீட்டிய பாதி, பக்கத்துச் செல் நீட்டிய அதே புரதத்தோடு கோத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் பாதியை கேட்டனின் என்ற இணைப்புப் புரதங்கள் செல்லின் உள்நார்களோடு சேர்த்துக் கட்டியிருக்கும். வேலிக்குக் கம்பி இழுக்கும்போது கம்பியை மட்டும் முறுக்கினால் போதாது, கல்லையும் ஆழமாக நட வேண்டும் இல்லையா, அந்த மாதிரி. கோத்த கை இறுக நிற்பதற்குக் கால்சியம் வேண்டும். ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மசடோஷி டகெயிச்சி இந்தப் புரதக் குடும்பத்தைக் கண்டுபிடித்து, கால்சியத்தையும் ஒட்டுதலையும் சேர்த்து 'கேட்ஹெரின்' என்று பெயர் வைத்தார். 1980-களின் கதை. வளர்ப்புத் தட்டில் கால்சியத்தை எடுத்துவிட்டால் செல்கள் உதிர்ந்துபோகும், திரும்பச் சேர்த்தால் கைகோக்கும். (இதைப் படித்துவிட்டு யாரும் கால்சியம் மாத்திரை வாங்க ஓட வேண்டாம். ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை உடம்பே கறாராகப் பார்த்துக்கொள்கிறது.)

கை விட்டுப்போனதால் செல் நடக்கிறதா, நடப்பதற்காகக் கையை விட்டதா என்ற சந்தேகம் வருவது நியாயம். அதற்கும் சோதனை நடந்திருக்கிறது. 1991-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் ஒரு குழுவும் ஜெர்மனியில் ஒரு குழுவும் தனித்தனியாகச் செய்தார்கள். கொலாஜன் ஜவ்வைத் துளைத்துக்கொண்டு போகும் செல்களுக்குள் இ-கேட்ஹெரின் மரபணுவைத் திருப்பிப் போட்டார்கள். துளைப்பது நின்றது. வேலை செய்துகொண்டிருந்த புரதத்தின் மேல் ஆன்டிபாடியை ஒட்டிக் கையைப் பிரித்தால் மறுபடி துளைக்க ஆரம்பித்தது. 1998-ல் கிறிஸ்டோஃபோரி என்ற விஞ்ஞானியின் குழு எலிகளில் காட்டியது. கணையத்தில் கட்டி வரும்படி வளர்த்த எலிகளில், இந்தப் புரதம் குறையாமல் பார்த்துக்கொண்டால் கட்டி கட்டியாகவே நின்றது. புரதத்தை முடக்கினால் சீக்கிரமே சுற்றுப்புறத்தைத் துளைத்தது. காரணம் எது, விளைவு எது என்பது அதோடு ஓரளவு தீர்ந்தது.

அதே 1998-ல்தான் நியூசிலாந்துக் கதை.

நியூசிலாந்தின் வடக்குத் தீவில் டௌரங்கா பக்கம் ஒரு பெரிய மாவோரிக் குடும்பம். (மாவோரிகள் அந்நாட்டின் பூர்வகுடிகள்.) 30 வருஷத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இரைப்பைப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்திருந்தார்கள். கிழவர்கள் இல்லை, இளவயதுக்காரர்கள். 14 வயதில் நோய் கண்டதும் உண்டு. குடும்பச் சாபம் என்று பேசியவர்களும் இருந்தார்கள். நம் ஊரிலும் அப்படித்தான் பேசியிருப்போம், குலசாமிக்குக் குறை வைத்துவிட்டார்கள் என்று. அந்தக் குடும்பத்திலேயே நர்ஸாக இருந்த ஒரு பெண்மணி சும்மா இருக்கவில்லை. டனீடன் நகரில் உள்ள ஒடாகோ பல்கலைக்கழகத்தை அணுகினார். உறவுக்காரர்களை உட்காரவைத்துப் பேசி, வம்சாவளியை எழுதிக் கொடுத்து, ரத்தம் கொடுக்கவும் சம்மதிக்கவைத்தார். பேரி கில்ஃபர்ட் என்ற விஞ்ஞானியின் குழு அந்த ரத்தத்தில் தேடியது. அந்தக் குடும்பத்திலும் வேறு இரண்டு மாவோரிக் குடும்பங்களிலும் பழுது இருந்த இடம் ஒன்றே: இ-கேட்ஹெரினுக்கான மரபணு. 1998 மார்ச்சில் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது மரபணுவைக் கண்டுபிடித்தது அல்ல, அதற்குப் பிறகு நடந்தது. யாருக்குப் பழுது இருக்கிறது, யாருக்கு இல்லை என்று ரத்தத்திலேயே தெரிந்துவிட்டது. இல்லாதவர்கள் அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். இருப்பவர்கள் என்ன செய்வது? எண்டோஸ்கோப்பி பார்த்தால் இரைப்பை பளிச்சென்று இருக்கும். புண் இல்லை, கட்டி இல்லை. கைவிட்ட செல்கள் ஒன்றிரண்டாக மேல்தோலுக்குக் கீழே பரவுகிறவை, கட்டியாகத் திரண்டு முகம் காட்டாது. ஆகவே பலர், ஒரு தொந்தரவும் இல்லாத நிலையில், முழு இரைப்பையையும் எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வாழ்நாள் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிட வேண்டும், பி12 ஊசி போட வேண்டும். வாழ்நாளில் நோய் வரும் வாய்ப்பு பத்தில் ஏழு, எட்டு என்று ஆரம்பத்தில் கணக்கிட்டார்கள். பின்னால் நிறையக் குடும்பங்களைப் பார்த்தபோது அது அவ்வளவு இல்லை என்று தெரிந்தது. ஆனால் கத்திக்கு முன்னால் நின்றவர்களுக்கு அன்றைக்குத் தெரிந்த கணக்கு அதுதான்.

எடுத்த இரைப்பைகளை அங்கே முழுசாக வெட்டிப் பார்த்தார்கள். முழுசாக என்றால் ஒரு இரைப்பைக்கு நூற்றுக்கணக்கில் பிளாக். இதைப் படித்தபோது என் மனசு அந்த நோயாளியிடமோ விஞ்ஞானியிடமோ போகவில்லை, அந்த லேபில் மைக்ரோடோம் முன்னால் உட்கார்ந்தவளிடம் போனது. தோள்பட்டை என்ன பாடு பட்டிருக்கும்! அந்தச் சீவல்களில் மேல்தோல் கிழியாமல் இருக்க, அடியில் ஊசிமுனை அளவுக்குப் புற்றுப் புள்ளிகள் இருந்தன. மோதிரம் மாதிரி கரு ஒதுங்கிய செல்கள். ஒருவருக்குப் பத்துக்கும் குறைவு, ஒருவருக்கு நூற்றுக்கும் மேலே. அதில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. அந்தப் புள்ளிகளில் பெரும்பாலானவை வருஷக்கணக்காக அப்படியே உறங்கிக் கிடப்பவை. ஒரு புரதம் போனதும் மறுநாளே வெள்ளம் வந்துவிடுவதில்லை.

ஏன் என்றால் ஒவ்வொரு செல்லிலும் இந்த மரபணு இரண்டு பிரதி. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும், இரண்டும் போக வேண்டும். குழந்தைகளின் கண்புற்றைப் பார்த்து 1971-ல் ஆல்ஃபிரட் நுட்சன் என்ற மரபியல் விஞ்ஞானி சொன்ன கணக்கு இது. மாவோரிக் குடும்பத்தில் பிறக்கும்போதே ஒன்று பழுது. இரண்டாவது பிரதி பல சமயம் உடைவதுகூட இல்லை. மேலே ஒரு ரசாயன முத்திரை விழுந்து, எழுத்தெல்லாம் சரியாக இருந்தும் செல்லால் படிக்க முடியாமல் போகிறது. எங்கள் லேபில் பழைய ரிஜிஸ்டர் தாள்கள் ஒட்டிக்கொண்டு பிரிக்க முடியாமல் போகும், அது மாதிரி.

சரி, இந்த ஒன்றுதானா என்றால் இல்லை. கட்டி அடக்கிப் புரதங்கள் பல. ஒவ்வொன்றும் தடுக்கும் இடம் வேறு. 1997-ல் கண்டுபிடித்த பிடென் என்று ஒன்று, செல்லின் உள்தோலில் 'முன்னே போ' என்று எழுதப்படும் ரசாயனக் குறியை அழித்துக்கொண்டே இருக்கிறது. நகரும் செல்லில் அந்தக் குறி முன்பக்கம் மட்டும் இருக்கும், பிடென் பக்கவாட்டிலும் பின்னாலும் நின்று அழிக்கும். மண்ணில் வாழும் ஒரு செல் அமீபாவில் 2002-ல் இதைப் பார்த்தார்கள். பிடென் போய்விட்டால் குறி எங்கும் பரவிவிடுகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது பி53. உங்கள் கட்டுரையில் அதற்கு ஒரு பத்தி இருந்தது, 'காவலாளி' என்று. எங்கள் லேபில் பயிற்சிக்கு வந்த ஒரு பையன் முதன்முதலாக பி53 சாயம் போட்டுவிட்டு ஓடிவந்தான். "மேடம், எல்லாக் கருவும் கறுப்பாட்டம் பழுப்பா இருக்கு, அவ்வளவு புரதம் இருக்கு, நோயாளிக்கு நல்லதுதான?" என்றான். இல்லை தம்பி, அதுதான் கெட்டது. நல்ல பி53-ஐ செல் உண்டாக்கிய கொஞ்ச நேரத்தில் சிதைத்துவிடும், ஆபத்து வந்தால் மட்டும் சேர்த்துவைக்கும். அதனால் நல்ல செல்லில் சாயம் அங்கொன்றும் இங்கொன்றுமாக மங்கலாகத்தான் பிடிக்கும். பழுதான பி53 பெரும்பாலும் சிதையாமல் குவிந்துகொண்டே போகும். வேலையும் செய்யாது, இடத்தையும் விடாது. அதற்கு மேலும் ஒன்று: நல்ல பி53, செல்களின் கையைப் பிரித்துவிடும் ஸ்லக் என்ற புரதத்தைச் சிதைக்க வழி செய்கிறது. பழுதான பி53 அதைச் செய்யாதது மட்டுமில்லை, செல் நகர்வதற்குத் துணையும் போகிறது. விஞ்ஞானிகளே இதில் ஏமாந்தவர்கள்தான். 1979-ல் கண்டுபிடித்துவிட்டு, பத்து வருஷம் இதைப் புற்றுநோயை உண்டாக்கும் புரதம் என்றே நினைத்திருந்தார்கள். கையில் இருந்தது பழுதான பிரதி. 1989-ல்தான் உண்மையில் இது அடக்குகிற சாதி என்று தெரிந்தது. ஆகவே 'இந்தப் புரதம் அதிகம் இருந்தால் நல்லது' என்ற வாக்கியத்தை எந்தப் புரதத்துக்கும் அப்படியே எழுதிவிடாதீர்கள்.

இ-கேட்ஹெரினுக்கே அது பொருந்தாது. 2019-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. டக்டல் வகை மார்புப் புற்றில், இந்தப் புரதத்தை எடுத்துவிட்டால் செல்கள் சுற்றிலும் ஊடுருவுவது கூடியது. ஆனால் தூரத்து உறுப்பில் போய்க் குடியேறுவது குறைந்தது, வழியில் நிறையச் செத்துப்போயின. கூட்டமாகக் கைகோத்துப் போகிறவைதான் பயணத்தில் பிழைக்கின்றன. வீட்டை விட்டு வெளியே போகாதே என்று பிடித்துவைக்கும் கை, வெளியே போனபிறகு விழுந்துவிடாமல் தாங்கும் கையாகவும் ஆகிறது. அதிசயப் புரதம் என்று தலைப்புப் போடுகிறவர் இந்த இடத்தில் என்ன செய்வார்?

டப்பாவுக்கு வருகிறேன். மதினியிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். வாய் வழியாக உள்ளே போகும் புரதம் எதுவாக இருந்தாலும், அயிரை மீன் குழம்போ ஆயிரம் ரூபாய் டப்பாவோ, வயிறும் குடலும் அதை அமினோ அமிலமாக உடைத்துவிடும். செங்கல் செங்கலாகப் பிரித்த வீடு மாதிரி. செல் அதை வைத்துத் தனக்கு வேண்டியதைக் கட்டிக்கொள்ளும். இ-கேட்ஹெரினைக் கட்ட வரைபடம் வேண்டும், அந்தச் செல்லில் வரைபடம்தான் கிழிந்துபோயிருக்கிறது. லாரி லாரியாகச் செங்கல் இறக்கி என்ன பிரயோஜனம்? அதோடு, மருந்து உலகத்துக்கு எதையாவது தடுப்பது கைவந்த கலை, இல்லாத ஒன்றைத் திருப்பிவைப்பதுதான் கஷ்டம். அதனால்தான் கட்டி அடக்கிப் புரதங்களைப் பற்றி இவ்வளவு தெரிந்தும் அதைத் திருப்பித்தரும் மாத்திரை நம் மெடிக்கல் ஷாப்பில் இல்லை. மார்பு, சினைப்பைப் புற்றோடு தொடர்புள்ள பிஆர்சிஏ மரபணு பழுதானவர்களுக்கு 2014 முதல் ஓலாபாரிப் என்ற மருந்து இருக்கிறது. அதுவும் இழந்ததைத் தருவதில்லை. இழந்ததால் புற்றுச் செல்லுக்கு ஏற்பட்ட பலவீனத்தைப் பிடித்து அடிக்கிறது. சிகிச்சையில் இருப்பவர்களை முட்டை, பருப்பு, சில சமயம் மாவும் சாப்பிடச் சொல்வார்கள். அது உடம்பு தேறுவதற்கு. டாக்டர் சொல்லியிருந்தால் என் கடிதத்தைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

மதினிக்கு இன்னொரு பயத்தையும் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. கொரோனா வந்த நாளிலிருந்து நெகட்டிவ் என்றால் நல்லது என்று நாம் பழகிவிட்டோம். நெகட்டிவ் என்றால் 'இல்லை' என்று மட்டும்தான் அர்த்தம். இல்லாமல் இருப்பது நல்லதா கெட்டதா என்பது எதைத் தேடினார்கள் என்பதைப் பொறுத்தது. நான் இதைச் சொன்னதும் அவர் முகம் இருண்டுபோனது. ஆகவே உடனே அடுத்த வரியையும் காட்டினேன். ஓர்ப்படிக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) பாசிட்டிவ். லோபுலர் வகையில் பெரும்பாலோருக்கு அப்படித்தான், ஹார்மோன் மாத்திரை வேலை செய்யும் என்பதற்கான அடையாளம் அது. இ-கேட்ஹெரின் நெகட்டிவ் என்பது வியாதிக்குப் பெயர் வைக்க உதவுகிற வரி, ஆயுளைக் கணிக்கிற வரி இல்லை.

இந்த வகையைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்கு மனக்குறை. செல்கள் கைகோக்காததால் இது பல சமயம் உருண்டையாகத் திரளாது. கைக்குக் கட்டி தட்டுப்படாது, மேமோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரேயிலும் சமயத்தில் தப்பிவிடும். ஒரு பக்கம் மட்டும் கெட்டிப்படுவது, காம்பு உள்ளே இழுப்பது, மார்பின் வடிவம் மாறுவது, இவ்வளவுதான் தெரியும். என் சின்னம்மை அப்படித்தான் ஒரு வருஷம் விட்டுவிட்டாள். "கட்டி இல்லையே, கட்டி இருந்தாத்தானே" என்பாள். அவள் ஸ்லைடை நான் வெட்டவில்லை, பக்கத்து மேஜையில் கொடுத்துவிட்டேன். கை நடுங்கும் என்று பயம்.

ஊசி குத்தினால் பரவிவிடும், கத்தி பட்டால் பரவிவிடும் என்று பயாப்ஸிக்கே வராதவர்களும் இதே ரகம். செல் கையை விடுவது ஊசி பட்ட அன்றைக்கு நடக்கும் காரியம் இல்லை. அது உள்ளுக்குள்ளேயே மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் நடந்து முடிந்ததைத்தான் நாங்கள் ஸ்லைடில் பார்க்கிறோம். அபூர்வமாகச் சில வகைக் கட்டிகளில் ஊசித் தடத்தில் செல் தங்கக்கூடும். அதற்கு எங்கே குத்துவது, எப்படி எடுப்பது என்று டாக்டர்கள் முன்கூட்டியே யோசித்துத்தான் செய்கிறார்கள்.

அன்றைக்கு மதினி எழுந்து போகும்போது சும்மா கேட்டார், "ஓர்ப்படியோட அம்மா வயித்துல புத்து வந்து நாப்பத்தஞ்சு வயசுலயே போயிட்டாக, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்காது, இல்ல?" நான் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அவரை மறுபடி உட்காரச் சொன்னேன். சம்பந்தம் இல்லாமலும் இருக்கலாம். வயிற்றுப் புற்று நம் பக்கம் பல காரணத்தால் வரும். ஆனால் ஒரே ரத்த உறவில் இளவயதில் பரவலான இரைப்பைப் புற்றும், லோபுலர் மார்புப் புற்றும் இருந்தால் மரபணு ஆலோசனை கேட்பது உலகம் முழுக்க வழக்கம். நியூசிலாந்தில் ஒரு நர்ஸ் எழுதிக்கொடுத்த வம்சாவளியில் தொடங்கிய வழக்கம் அது.

அந்த அம்மா போய் 19 வருஷம். ரிப்போர்ட் வெள்ளத்தில் போய்விட்டதாம். பார்த்த ஆஸ்பத்திரி இன்னும் இருக்கிறது. மெழுகு பிளாக் என்பது அறை வெப்பத்திலேயே பல பத்தாண்டு கெடாமல் கிடக்கும் சாமான். பத்து வருஷத்துக்கு மேல் பத்திரப்படுத்தும் லேபுகளும் உண்டு. எழுதிக் கேட்டால் நோயாளியின் குடும்பத்துக்குக் கொடுப்பதும் உண்டு. இது நம் ஜனங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அடுத்த முறை இணைப்பில் இடம் இருந்தால் இதை ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள்.

டப்பாவை முத்திரை உடைத்துவிட்டதால் கடைக்காரர் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. மதினியின் பேரன் பாலில் கலக்கிக் குடித்துக்கொண்டிருக்கிறான். திங்கட்கிழமை நானும் மதினியும் அவர் ஓர்ப்படியும் அந்தப் பிளாக்கைத் தேடிப் போகிறோம். விண்ணப்பம் நான் எழுதிவைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
பாளையங்கோட்டை.